மதர்போர்டு மாற்றியாச்சு: பட்ஜெட் ரைசனுக்கு எந்த ஓவர்கிளாக்?

ஏ320, ஏ520 சிப்செட் போர்டுகளில் ஏஎம்டியின் ரைசன் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்ட, வழியில்லை. பி450, பி550 போர்டுக்கு மாறினால் மூன்று வழிகள் உண்டு. எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் நிலையாக ஓட வைக்கலாம். பூஸ்டை (தேவைப்படும்போது தானே வேகம் கூட்டுவதை) பிராசசரிடமே விட்டு, பிபிஓ (பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்) மூலம் அதன் வரம்புகளை மட்டும் தளர்த்தலாம். பிராசசரைத் தொடாமல் ராமையும், பிராசசரின் பாகங்களை இணைக்கும் உள்வழியான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கையும் வேகப்படுத்தலாம். எது லாபம் என்பது உங்கள் கையில் இருப்பது எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்தது. முதல் தலைமுறை ரைசன் 5 1600-க்கு நல்ல வழி, ரைசன் 5 5600-க்கு வீண் சூடு.

போர்டு வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது: பி550 போர்டு ரைசன் 5 1600, 2600 இரண்டையும் ஏற்காது. பெயர் 3000 வரிசையில் இருந்தாலும் 3200ஜி, 3400ஜி கூட அதில் வேலை செய்யாது. இவற்றுக்கு பி450தான். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் பழைய போர்டைக் கழற்றும் முன்பே மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். போர்டு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கும். புதிய போர்டில் பயாஸை அப்டேட் செய்து, சிப்செட் டிரைவரைப் போட்டு, எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையை 10 நிமிடம் ஓட்டுங்கள். ஸ்கோர், வெப்பநிலை, வாட் மூன்றையும் குறித்து வையுங்கள். இந்தக் கணக்கு இல்லாவிட்டால், பிறகு செய்யும் மாற்றம் பலன் தந்ததா என்று தெரியவே தெரியாது.

நிலையான வேகம், 1600-க்கு

ரைசன் 5 1600-இன் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 3.6. அந்தத் தலைமுறையின் பூஸ்ட் முறை அவ்வளவு கெட்டிக்காரத்தனமானது அல்ல. எல்லாக் கோர்களுக்கும் வேலை வந்தால் வேகம் சட்டென இறங்கிவிடும். அதனால் கையால் 3.8-இல் நிறுத்துவது இங்கே உண்மையான லாபம். பெருக்கியை 38 ஆக்கி, கோர் வோல்டேஜை 1.30 வைத்துத் தொடங்குங்கள். ஓசிசிடி என்ற லோடு சோதனையை அரை மணி நேரம் தாங்கினால் 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டுங்கள். 1.35 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் கிடைக்கும் 50 மெகாஹெர்ட்ஸுக்கு நீங்கள் கொடுக்கும் விலை வெப்பம்தான்.

லோடு ஏறும்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோடு லைன் கேலிப்ரேஷனை நடுத்தர அளவில் வையுங்கள். அதிகபட்சத்தில் வைத்தால், லோடு விலகும் நொடியில் வோல்டேஜ் நீங்கள் வைத்த அளவைத் தாண்டித் துள்ளும். சோதனையின் நடுவே திரை கறுத்து மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் வோல்டேஜ் போதவில்லை. ரீஸ்டார்ட் ஆகாமல் வேகம் மட்டும் திடீரெனப் பாதி அளவுக்கும் கீழே போனால், பிராசசரை விட்டுவிட்டு விஆர்எம்-ஐ (போர்டில் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியை) பாருங்கள். ஹீட்சிங்க் இல்லாத மலிவு பி450 போர்டுகளில் இது வழக்கமான தொல்லை. விஆர்எம் மேல் காற்று படும்படி ஒரு ஃபேன் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதே முறையை ரைசன் 5 3600-இல் செய்தால் கிடைப்பது சொற்பம். அதன் பூஸ்ட் 4.2. எல்லாக் கோர்களையும் 4.2-இல் நிறுத்தவே பல சிப்புகளுக்கு 1.3 வோல்ட் தேவைப்படும். பூஸ்டின்போது 1.4-க்கு மேல் காட்டுகிறதே, நாமும் அதையே வைக்கலாமே என்று நினைக்காதீர்கள். அது ஒன்றிரண்டு கோர்கள் குறைந்த கரண்டில் ஓடும்போது பிராசசரே எடுத்துக்கொள்ளும் வோல்டேஜ். ஆறு கோர்களும் முழு லோடில் ஓடும்போது அதே 1.4-ஐ நிலையாகக் கொடுத்தால் சிலிக்கான் தேயும். இன்று நிலையாக இருக்கும் வேகம் சில மாதங்களில் கிராஷ் ஆகத் தொடங்கும்.

பிபிஓவும் கர்வ் ஆப்டிமைசரும், 5600-க்கு

கர்வ் ஆப்டிமைசர் டெஸ்க்டாப்பில் 5000 வரிசையில் வந்தது. 3600-க்குக் கிடையாது. ஒவ்வொரு வேகத்துக்கும் பிராசசர் கேட்கும் வோல்டேஜை இது குறைக்கிறது. அதில் நீங்கள் கொடுக்கும் மைனஸ் எண்ணில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். மிச்சமாகும் வெப்பத்தையும் வாட்டையும் பிராசசரே வேகமாக மாற்றிக்கொள்கிறது. வேகம் கூடியும் சூடு கூடாமல் இருப்பது இந்த ஒரு வழியில்தான். 5600 வைத்திருப்பவர்கள் நிலையான வேகத்தின் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

பயாஸில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் பகுதிக்குள் பிபிஓவை அட்வான்ஸ்டு ஆக்குங்கள். 5600-இன் இயல்பான வரம்பு 76 வாட் (மொத்த மின்சக்தி), 60 ஆம்பியர் (தொடர் கரண்ட்), 90 ஆம்பியர் (நொடிநேர உச்சக் கரண்ட்). பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரே இருந்தால் இவற்றைத் தொடாதீர்கள். நல்ல டவர் கூலர் இருந்தால் வாட் வரம்பை 95 வரை ஏற்றலாம். பூஸ்ட் உச்சத்தை உயர்த்தும் பூஸ்ட் ஓவர்ரைடில் 200 மெகாஹெர்ட்ஸ் வரை கொடுக்கலாம், ஆனால் முதலில் 0. கர்வை எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10-இல் தொடங்கி, ஐந்து ஐந்தாக இறக்குங்கள். மைனஸ் 30 கடைசி எல்லை.

பலர் ஏமாறுவது சோதனையில். சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓடிவிடும். பிறகு பிரவுசரைத் திறந்து சும்மா வைத்திருக்கும்போது மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ஏனென்றால் கர்வின் பலவீனம் தெரிவது குறைந்த லோடில், ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போது. ஆகவே கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளரை இரவு முழுக்க ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் (WHEA-Logger, ஹார்டுவேர் பிழைப் பதிவு) 18 என்ற பதிவைத் தேடுங்கள். அதிலுள்ள ஏபிஐசி (APIC ID) எண்ணை இரண்டால் வகுத்தால் தவறிய கோர் தெரியும்: 6, 7 என்றால் கோர் 3. அந்தக் கோரை மட்டும் ஐந்து எண் மேலேற்றினால் (மைனஸ் 20 என்றால் மைனஸ் 15 ஆக்கினால்) போதும். பெரும்பாலும் தவறுவது சிப்பின் சிறந்த இரண்டு கோர்கள். அவை ஏற்கெனவே இறுக்கமான வோல்டேஜில் ஓடுபவை என்பதால், அவற்றுக்கு மைனஸ் 5 அல்லது 10 போதும்.

ராம்

பிராசசரின் தலைமுறை எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பலர் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பை) இயக்காமல் 3200 ராமை 2133-இல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதற்காக போர்டு மாற்ற வேண்டிய அவசியம் கூட இல்லை, ஏ520-இலேயே இது முடியும். ராம் இரண்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். 3600-க்கும் 5600-க்கும் டிடிஆர்4-3600, ஃபேப்ரிக் 1800 (ராம் எண்ணில் பாதி) என்ற ஜோடி வசதியானது. அதற்கு மேல் ஃபேப்ரிக்கால் ஈடுகொடுக்க முடியாமல் மெமரி கன்ட்ரோலர் பாதி விகிதத்துக்கு இறங்கினால், ராம் எண் பெரிதாகத் தெரிந்தாலும் தாமதம் கூடி கேம்கள் மெதுவாகும். ஃபேப்ரிக், மெமரி கன்ட்ரோலர் பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜ் 1.1-க்குள் இருக்கட்டும். வீயா பதிவு 18-க்குப் பதில் 19 வந்துகொண்டே இருந்தால், கர்வை விட்டுவிட்டு ஃபேப்ரிக் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ராம் சோதனையான மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று பிழையின்றி முடியும் வரை கர்வில் கை வைக்கவே வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கிராஷுக்குக் காரணம் எது என்று பிரிக்க முடியாது.

இன்டெல் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெருக்கி பூட்டப்பட்டது, விலையுயர்ந்த இசட்690 போர்டு வாங்கினாலும் திறக்காது. பி660 போர்டும் நல்ல ராமும் போதும்.