முழு மசாலாவா, அரைத்த பொடியா?

மிளகு, சீரகம், மல்லியை முழுசாக வாங்குவதா, பொடியாகவே வாங்கிவிடுவதா?

மணம்
முழுசு: வாசனை எண்ணெய் உள்ளே பத்திரமாக இருக்கும். வெறும் வாணலியில் சீரகத்தை ஒரு நிமிடம் வறுத்து, நிறம் லேசாக மாறியதும் இடித்துப் பாருங்கள். அடுத்த அறை வரை மணக்கும்.
பொடி: அரைத்த நொடியிலிருந்தே மணம் போகத் தொடங்கும். பழைய மிளகுத்தூளில் காரம் மட்டும் மிஞ்சுவது இதனால்தான். காரம் தரும் பைப்பரின் எளிதில் ஆவியாகாது, மணம் தரும் எண்ணெய் ஆவியாகிவிடும்.

ஆயுள்
முழுசு: காற்றுப் புகாத டப்பாவில் 2, 3 ஆண்டுகள் தாங்கும்.
பொடி: 6 மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்; சூடும் ஆவியும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

வேலை
முழுசு: வறுக்கணும், ஆறவிடணும், அரைக்கணும்.
பொடி: ஒரு கரண்டி போட்டால் முடிந்தது.

கலவைப் பொடிகளில் இன்னொன்றையும் கவனியுங்கள். பொட்டலத்தில் உள்ள பொருள் பட்டியலில் உப்பு முதலில் இருந்தால், எடையில் அதுதான் அதிகம். அதை நான் வாங்கமாட்டேன்.

என் தேர்வு: மிளகு, சீரகம், ஏலக்காய் முழுசாக. மஞ்சள் பொடியாக, காய்ந்த மஞ்சள் கல் மாதிரி இருக்கும், வீட்டு மிக்ஸி திணறும். தினமும் அவசரச் சமையல் என்றால் பொடியே சரி, ஆனால் சிறிய பொட்டலமாக வாங்குங்கள். எப்போதாவது சமைப்பவர்களுக்கு முழு மசாலாதான் பொருந்தும்.