ஆப்சிடியனில் தமிழ்க் குறிப்புகள்: கண்ணுக்குத் தெரியும், தேடலுக்குத் தெரியாது

கணினி, மடிக்கணினி, கைப்பேசி மூன்றிலும் ஒரே குறிப்புகள் இருக்க வேண்டும், குறிப்பெழுதும் செயலியான ஆப்சிடியன் சரிப்பட்டு வருமா என்று நண்பர் கேட்டார். அதன் வசதிகளைப் பட்டியலிட நிறையப் பேர் இருக்கிறார்கள். நெடுநாள் புழங்கினால் மட்டுமே பிடிபடும் ஒரு தொல்லையைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். தமிழில் குறிப்பெழுதுகிற எவருக்கும் அது வரக்கூடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குறிப்பும் சாதாரண உரைக்கோப்பாக ஒரு கோப்புறையில் கிடக்கிறது. இணையம் இல்லாவிட்டாலும் திறக்கும். செயலி நாளைக்கே நின்றுபோனாலும் நோட்பேடில் படிக்கலாம். ஆண்ட்ராய்டும் விண்டோஸும் வைத்திருப்பவர்கள் கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் என்ற செயலி மூலம் அந்தக் கோப்புறையை நேரடியாக ஒத்திசைத்துக்கொள்ளலாம், இடையில் யாருடைய சேமிப்பகமும் வேண்டாம். 'ஃபைல் ரெக்கவரி' என்ற உள்வசதி 5 நிமிடத்துக்கு ஒரு பிரதி எடுத்து 7 நாள் வைத்திருக்கும். ஆனால் அந்தப் பிரதிகள் ஒத்திசைவில் சேராது. எந்தச் சாதனத்தில் திருத்தினீர்களோ அதில்தான் தேட வேண்டும்.

இனி தொல்லைக்கு வருவோம். கைப்பேசியில் எழுதிய குறிப்பு கணினிக்கு ஒழுங்காக வந்துசேர்ந்திருக்கும். பட்டியலில் கண்ணுக்கும் தெரியும். ஆனால் 'மௌனம்' என்று தேடினால் கிடைக்காது. காரணம், கைப்பேசியில் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து 'மெளனம்' என்று தட்டியிருப்போம். கணினியில் ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளால் தமிழ் ஒலியைத் தட்டும்போது, ஔகாரக் குறி ஒரே குறியாக விழுகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கணினிக்கோ இவை முற்றிலும் வேறு வேறு சொற்கள். ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் செய்தாலும் இவை ஒன்றாகாது, ஏனென்றால் ளகரம் தனி எழுத்து, ஔகாரக் குறியின் பகுதி அல்ல.

இதே குழப்பம் 'எ' என்ற எழுத்துக்கும் ஏழு என்பதைக் குறிக்கும் தமிழ் எண்ணான '௭'க்கும் இடையே உண்டு. 'அ'வுக்கும் எட்டான '௮'க்கும் இடையிலும் உண்டு. 'ஸ்ரீ', 'ஶ்ரீ' இரண்டும் பல எழுத்துருக்களில் அச்சு அசலாக ஒரே வடிவம், உள்ளே இருப்பது வேறு. 'ஶ' 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது, பழைய உரைகளில் எல்லாம் முதல் வகைதான் கிடைக்கும்.

தேடலோடு இது நிற்பதில்லை. ஒரு குறிப்புக்குள் இரட்டை அடைப்புக்குறியில் [[மௌனம்]] என்று இணைப்புக் கொடுத்து அதைத் தொட்டால், 'மெளனம்' என்ற குறிப்பு ஏற்கெனவே இருந்தாலும் வெற்றாக இன்னொரு கோப்பு பிறக்கும். பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். உடனே எல்லாரும் ஒத்திசைவைத்தான் திட்டுவார்கள். அநியாயம் அது. ஒரே கோப்பு இரு சாதனங்களில் தனித்தனியே மாறினால் சிங்க்திங் உண்டாக்கும் முரண்பாட்டுப் பிரதியின் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் தேதியும் நேரமும் கட்டாயம் இருக்கும். அவை இல்லாமல் இரட்டை தென்பட்டால் எழுத்துகளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உடனடி நிவாரணம் தேடல் பெட்டியிலேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் அழுத்தி, சாய்கோடுகளுக்குள் /(மௌ|மெள)னம்/ என்று கொடுத்தால் இரு வடிவங்களும் வரும்.

நிரந்தரமாகத் திருத்த, கோப்புறையை விஷுவல் ஸ்டுடியோ கோடு போன்ற எடிட்டரில் திறந்து, எல்லாக் கோப்புகளிலும் தேடி மாற்றும் வசதியில் ரெக்எக்ஸை (வடிவத்தைக் கொண்டு தேடும் முறை) செயல்படுத்துங்கள். 'ெள'வைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் சிதைந்துவிடும். தேடலில் ெள([க-ஹ]) என்றும், மாற்றில் ௌ$1 என்றும் கொடுங்கள். ளகரத்தை அடுத்து, குறியோ புள்ளியோ இடையில் இல்லாமல், உடனே இன்னொரு எழுத்து வரும் இடங்களை மட்டுமே இது பிடிக்கும். 'தெளிவு', 'வெள்ளம்' இரண்டும் தப்பிவிடும், ஏனென்றால் அங்கே ளகரத்தை அடுத்து இகரக் குறியும் புள்ளியும் நிற்கின்றன. பேச்சுத் தமிழில் எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 'கெளம்பு', 'வெளக்கு' போன்றவை மாட்டிக்கொள்ளும். முன்னோட்டத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள். '௭' திருத்தும்போதும் அப்படித்தான், '௭ம் பக்கம்' என்று தமிழ் எண்ணில் உண்மையாகவே எழுதியிருக்கலாம். கோப்பின் பெயர்களை மட்டும் ஆப்சிடியனுக்குள்ளேயே மாற்றுவது நல்லது, இணைப்புகளும் கூடவே திருந்தும்.

இதையெல்லாம் தொடங்குமுன் எல்லாச் சாதனங்களும் ஒத்திசைந்து முடிந்ததா என்று பார்த்து, கோப்புறைக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, ஒரே கணினியில் மட்டும் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு மின்கலச் சிக்கனத்துக்காகச் சிங்க்திங்கைப் பின்னணியில் தூங்கவைத்துவிடும். அந்த நேரத்தில், கணினியில் திருத்திய அதே குறிப்பில் கைப்பேசியிலும் ஒரு வரி சேர்த்திருந்தால் முரண்பாட்டுப் பிரதிகள் நிச்சயம். மின்கல அமைப்பில் அதற்கு விலக்கு கொடுத்துவிடுங்கள்.

தலைப்பின் நீளமும் தமிழுக்கென்றே வரும் சிக்கல். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயருக்கு வரம்பு 255 பைட்டு, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. 'தொழில்நுட்பம்' கண்ணுக்கு 7 எழுத்து. துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு என்பதால் 13 குறிகள், 39 பைட்டு. விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை. அங்கே இடங்கொண்ட நீளத் தலைப்பு கைப்பேசிக்கு வராமல் நிற்கும். முரண்பாட்டுப் பிரதியின் பின்னொட்டே 38 பைட்டு பிடிக்கும் என்பதால், 70 குறிகளுக்குள், அதாவது சுமார் 40 எழுத்துக்குள், தலைப்பை நிறுத்துங்கள்.

நண்பருக்கு என் பதில்: இந்தச் செயலியை நான் விடப்போவதில்லை. வெறும் உரைக்கோப்பாக இருப்பதால்தான் மேலே சொன்ன திருத்தம் எதுவும் சாத்தியமாகிறது. ஆனாலும் கைப்பேசியில் மட்டுமே தமிழ் எழுதி, கணினியைத் தேடுவதற்கு மட்டும் திறக்கிறவருக்கு இதை இன்று பரிந்துரைக்க மனம் வரவில்லை. எழுதி வைத்தது இருந்தும் கிடைக்காமல் போவது அவ்வளவு எரிச்சல். வேண்டுமென்றால், முதல் குறிப்பை எழுதுமுன் இரண்டு சாதனங்களிலும் 'மௌனம்', 'எட்டு', 'அன்பு', 'ஸ்ரீ' நான்கையும் தட்டி, ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் தேடிப் பாருங்கள். நான்கும் கிடைத்தால் தாராளமாகத் தொடங்கலாம்.