பழைய காரின் ராடு பிரேக்கைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

ராடு பிரேக் (எண்ணெய்க்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் இயங்கும் பிரேக்) உள்ள பழைய கார்களை வைத்திருக்கும் பினாங்கு, கெடா அன்பர்கள், பட்டறை தேடுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழங்கார்களைச் சீரமைப்பதில் கைதேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் செபராங் பிறைப் பட்டறை ஒன்று, என்னுடைய 1946ஆம் ஆண்டு ஆஸ்டின் டென் காரின் பிரேக் வேலைக்கு 3,800 ரிங்கிட் வாங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் புது லைனிங் (டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை), லேத்தில் கடைந்த டிரம் (சக்கரத்தோடு சுழலும் உருளை), புதிய பின், புதிய புஷ் என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள். நடந்ததோ, ராடுகளைத் திருகிக் குட்டையாக்கிக் கறுப்புச் சாயம் பூசியது மட்டுமே.

இந்தக் காரில் பெடலை மிதிக்கும் விசை கெர்லிங் நிறுவன அமைப்பின் இரும்பு ராடுகள் வழியாகவே சக்கரங்களுக்குப் போகிறது. ராடு இழுபடும்போது டிரம்முக்குள் இருக்கும் கூம்பு நகர்ந்து, லைனிங் பதித்த இரண்டு ஷூக்களையும் விரிக்கும். லைனிங் தேய்ந்தால், சக்கரத்தின் பின்தட்டில் உள்ள சதுரத்தலை அட்ஜஸ்டரை இறுக்கி, ஷூ டிரம்மைப் பிடித்ததும் ஒரு கிளிக் தளர்த்த வேண்டுமே தவிர, ராடின் நீளத்தில் கை வைக்கக் கூடாது. ராடைக் குட்டையாக்கினால் கூம்பு தன் ஓட்டத்தில் ஒரு பகுதியை முன்பே முடித்துவிடும்; ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருப்பதால் பெடல் மேலேயே, கெட்டியாக நிற்கும். காரை எடுக்கப் போகிறவர் ஏமாறுவது இந்தக் கெட்டியில்தான். "அண்ணே, மிதிச்சுப் பாருங்க, புதுக் கார் மாதிரி இருக்கு" என்று அந்த ஃபோர்மேன் பெடலைக் காட்டினாரே தவிர, காரை ஜாக்கியில் ஏற்றிக் காட்டவில்லை.

பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் புலாவுக்கு இறங்கும்போது, டிரம் சூடேறியதும் பெடல் பாதிக்குக் கீழே போனது. கார் ஒரு பக்கமாக இழுத்தது. எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் அழுத்தம் தானாகவே சமமாகப் பரவும். ராடு பிரேக்கில் அந்தச் சமநிலையைக் கையால்தான் கொண்டுவர வேண்டும் என்பதால், அரைகுறை வேலை இறக்கத்தில் உயிருக்கே உலை வைத்துவிடும். கியரைக் குறைத்து ஓரங்கட்டியதால் ஆபத்தில்லாமல் முடிந்தது.

பிறகு ஜெலுத்தோங்கில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் டிரம்மைக் கழற்றினார். பின்பக்க இடது சக்கரத்தின் ஆயில் சீல் கசிந்து, லைனிங் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. வலப்பக்க லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலைகள் டிரம்மைக் கீறியிருந்தன. சாயத்தைச் சுரண்டினால், ராடுகளை இணைக்கும் கிளெவிஸ் பின்கள் ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தன. அவற்றில் ஒன்றில், பின் கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்குப் பதிலாக ஆணி ஒன்றை வளைத்துச் செருகியிருந்தார்கள். பின்தட்டில் சற்றே நகர்ந்து தன்னிடத்தைத் தேடிக்கொள்ள வேண்டிய, கூம்பு இருக்கும் விரிப்பான் பெட்டியையும் அசையாதபடி முடுக்கியிருந்தார்கள். பெரியவர் அந்த ஆணியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு ரசீது வேற குடுத்தானா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே, இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள் கழற்றிய பழைய லைனிங்கையும் பின்களையும் திருப்பித் தரும்படி முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரை எடுக்கும்போது நான்கு சக்கரங்களையும் தூக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பாருங்கள். உரசல் கேட்டாலோ, ராடு முனையின் மரையில் புதிய ஸ்பேனர் தடம் தெரிந்தாலோ பணம் கொடுக்காதீர்கள். சாயத்தின் பளபளப்பை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மனுவோடு ரசீதின் நகலையும், அந்த ஆணியின் படத்தையும் இணைத்துள்ளேன்.