மேச்சேரிக் கிடா வாங்கின பண்ணை: அஞ்சுக்கு ரெண்டரை

பவானி பக்கம் பதினெட்டுப் பெட்டை ஆடு வெச்சிருக்கேன், எல்லாம் மேச்சேரி இனச் செம்மறி. போன வருஷம் ஆடியில பொலிகிடா, அதாவது இனவிருத்திக்கு விடுற கிடாவை, மாத்தணும்னு வீடியோ பார்த்து ஒரு பண்ணைக்குப் போனேன். பேர் வேண்டாம். போன் போட்டா எடுக்கிறாங்க, வழி சொல்றாங்க, போனதும் டீ. அதுலயெல்லாம் ஒரு குறையும் இல்லை.

கொட்டகை சுத்தம். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கு ஊசி போட்ட தேதியெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. நான் பிடிச்சது நாலரை மாசக் குட்டி, 15 கிலோ. வெளிர் செம்மண் நிறம், ஒட்டின முடி, குட்டை வால். கறிக் கணக்குல ஏழாயிரத்துச் சொச்சம் வரும். வாங்கினது 11,000. மிச்சம் அத்தனையும் 'சுத்த மேச்சேரி'ங்கிற சொல்லுக்குக் குடுத்த காசு.

மேச்சேரியில கிடாவும் மோழை, பெட்டையும் மோழை, ரெண்டுக்கும் கொம்பு கிடையாது. எங்க அப்பாரு குட்டி வாங்கும்போது நெத்தியில கட்டைவிரலை வெச்சு முடிக்கு எதிரா தேய்ச்சுப் பார்ப்பார். நானும் தேய்ச்சேன். ரெண்டு பக்கமும் ஒரு ரூபாக் காசு அகலத்துக்கு முடியே இல்லை, வழவழன்னு இருந்துச்சு. கேட்டதுக்கு, "முட்டிக்கிட்டதுங்க"ன்னார் பண்ணைக்காரர். அளவெடுத்த மாதிரி ரெண்டு பக்கமும் எந்தக் கிடா முட்டும்? அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தப்புறம்தான் வந்துச்சு.

தாய் தகப்பனைக் காட்டச் சொன்னேன். தாயைக் காட்டினார், நல்ல மோழை. தகப்பனை வித்தாச்சாம். இங்கதான் ஏமாந்தேன். மெட்ராஸ் சிவப்புன்னு இன்னொரு செம்மறி இனம் இருக்கு, அதுலயும் பெட்டைக்குக் கொம்பு கிடையாது, கிடாவுக்குத்தான் வரி வரியா முறுக்கிக்கிட்டு வரும். அதனால மோழைத் தாயைக் காட்டினா எதுவும் காட்டலைன்னுதான் அர்த்தம்.

கார்த்திகையில அந்த வழவழப்புல கருப்பா ஒரு முனை எட்டிப் பார்த்துச்சு. பிடிச்சு ஆட்டினா தோலோட சேர்ந்து ஆடுது, மண்டையோட்டுல ஊனலை. கொம்பு வராம இருக்கக் குட்டியிலயே கொம்புக் குருத்தைச் சுட்டுவிடுவாங்க; சுட்ட குருத்து அரைகுறையா மறுபடி முளைச்சா இப்படித்தான் வரும். கலப்புக் கிடாவுக்கும் இந்த மாதிரி ஆடுற கொம்பு வர்றதுண்டு, அதனால சுட்டுத்தான் மறைச்சாங்கன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இடதுபக்கக் கொம்பு கோணிக்கிட்டுக் கண்ணுக்கு நேரா வர, ரெண்டு தடவை நுனியை அறுத்துவிட்டேன்.

அப்பவே கழிச்சிருக்கணும். காசு போச்சேன்னு தையில பெட்டைகளோட விட்டேன். ஆனியில பதிமூணு குட்டி. ஆறு கிடாவுல ரெண்டுக்குக் குருத்து, அதுல ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளைக் கீத்து வேற. மெட்ராஸ் சிவப்புக்குத்தான் நெத்தியிலயும் தொடை உள்பக்கமும் அப்படி வெள்ளை வரும். என் பெட்டைகள்ல ஒண்ணு ரெண்டும் கலப்பா இருக்கலாம், பழியை முழுசா அங்க போட முடியாது.

இதே கீழக்கரிசல் ஆடா இருந்தா கதையே வேற. அங்க கிடாவுக்குத் தடிச்ச கொம்பு முறுக்கி நிக்கணும், மொட்டை மண்டையைப் பார்த்தாத்தான் சந்தேகம் வரும். கொம்பு மட்டமான ஆட்டோட அடையாளம்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம்.

பண்ணைக்குப் போன் போட்டேன். வழக்கம்போல உடனே எடுத்தார். "கொம்பு வெச்ச கிடா கோயிலுக்கு நல்ல விலை போகுமுங்க, குடுத்துருங்க"ன்னார். பாதி விலைக்கு வேற குட்டி தர்றேன்னும் சொன்னார். வேண்டாம்னுட்டேன். ஆனா கோயில் விசயத்துல அவர் சொன்னது சரி, 17,500-க்குப் போச்சு.

கறிக்கு வளர்க்கிறவங்க அந்தப் பண்ணைக்குத் தாராளமா போகலாம், நோயில்லாத குட்டி கிடைக்கும். பொலிகிடாவுக்கு மட்டும் போகாதீங்க. நான் அடுத்த கிடாவுக்குப் பொட்டனேரி மேச்சேரி ஆடு ஆராய்ச்சி நிலையத்துல கேட்டு வெச்சிருக்கேன்.

அந்தக் கிடா விட்டுட்டுப் போன ஏழு பெட்டைக் குட்டி பட்டியில நிக்குது, ஏழுக்கும் நெத்தியில குருத்து இல்லை. எதுக்குள்ள என்ன இருக்குன்னு தேய்ச்சுப் பார்த்தாத் தெரியாது. கழுத்துல சிவப்புக் கயிறு கட்டிவிட்டிருக்கேன், தீபாவளிக்கு ஏழையும் கறிக்குத் தள்ளிடணும்.