ஒரு வருஷம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்: சேலத்தில் வாங்கிய இண்டக்‌ஷன் பாத்திரங்கள்

போன ஆடிக்கு ஊருக்கு வந்தபோது வாங்கிப் போன பாத்திரங்களை ஒரு வருஷம் படாத பாடு படுத்திவிட்டு இந்த ஆடிக்கு மறுபடி வந்திருக்கிறேன். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டார்கள், வீட்டில் ஆளாளுக்கு ஒரு வேலை, எனக்குத்தான் கொஞ்சம் ஓய்வு. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். குக்கருக்கு அஞ்சுக்கு அஞ்சு, தோசைக்கல்லுக்கு மூன்று, வாணலிக்கு ஒன்றும் கிடையாது. கடைப் பெயர் கேட்காதீர்கள். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதிக்குள் நடந்தால் பாத்திரக்கடைக்கா பஞ்சம், எங்கே வாங்கினாலும் கீழே சொல்வது பொருந்தும்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், லைப்சிக் ஊரில், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. 34 சதுர மீட்டர், நம்ம கணக்கில் 366 சதுர அடி. ஒரே அறை, அதன் மூலையில் அடுப்படி. ஃபர்னிஷ்டு வீடு, ஆளுக்கு ஒரு பெட்டியோடு போய் இறங்கினால் போதும் என்று இவர் சொன்னார். பொய்யில்லை, கட்டில், மேஜை, சோபா, திரைச்சீலை எல்லாம் இருந்தது. சாவி கொடுத்த அன்றைக்கு வீட்டுக்காரம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு ஸ்பூன் முதற்கொண்டு எண்ணி எண்ணிக் கையெழுத்து வாங்கினார். தட்டு நான்கு, முள்கரண்டி நான்கு, ஒயின் கிளாஸ் ஆறு, பாட்டில் மூடி திறக்க மட்டும் மூன்று விதமான சாமான். குழம்பு வைக்க ஒரு பாத்திரம்? கிடையாது. கரண்டி கிடையாது. பாத்ரூமில் பக்கெட்டும் மக்கும் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, போனவர்களுக்குத் தெரியும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அந்த மூன்று மாதமும் ஹீட்டர், தண்ணீர்ச் செலவெல்லாம் சேர்க்காத வாடகைக் கணக்குதான். 'கால்ட்மீட்டே' என்பார்கள், குளிர் வாடகை. காலி செய்யும்போது அதே தாளை வைத்துக்கொண்டு திரும்பவும் எண்ணுவார்கள், கீறல் பார்ப்பார்கள். அதனால் கண்ணாடி மாதிரி பளபளக்கிற அந்த இண்டக்‌ஷன் அடுப்பைப் பார்த்தாலே எனக்கு முதல் மாதம் முழுக்கப் பயம்தான், மூன்று மாத வாடகை அங்கே படுத்திருப்பதுபோல இருக்கும்.

முதல் நாள் ராத்திரி பருப்பு வைக்கலாம் என்று அம்மா சீரில் கொடுத்த எவர்சில்வர் குண்டாவை எடுத்தேன். பக்கவாட்டில் என் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும், அதை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் துணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுபோனது. அடுப்பில் வைத்துப் பட்டனைத் தொட்டால் ஒரு கோடு மினுக் மினுக்கென்றது, அப்புறம் அணைந்துவிட்டது. மறுபடி தொட்டேன், மறுபடி மினுக்கல். அஞ்சு நிமிஷம் கழித்துத் தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறது. அடுப்பு ரிப்பேர் என்றே முடிவு செய்து இவர் வீட்டுக்காரம்மாவுக்கு மெயில் எழுத உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளையாக அதற்குள் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா இரும்பாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குண்டாவைத் திருப்பிக் காட்டச் சொன்னார், ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அடியில் வைக்கச் சொன்னார். ஒட்டவில்லை, நழுவி விழுந்தது.

"அது 304ங்கற ரகம் கண்ணு. எட்டு பர்சென்ட் நிக்கல் இருக்கும், காந்தம் புடிக்காது. காந்தம் புடிக்காத பாத்திரத்துல அந்த அடுப்பு சூடு ஏத்தாது. நல்ல ஸ்டீலு, தப்பு அது மேல இல்ல" என்றார். கடைசி வரியில் அவருக்கு லேசாக ரோஷம்.

விஷயம் இவ்வளவுதான். இண்டக்‌ஷன் அடுப்பில் நெருப்பும் இல்லை, சூட்டுக் கம்பியும் இல்லை. கீழே ஒரு காயில் இருக்கிறது, அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தை ஓடவிட்டு அந்த அடியையே சூடாக்குகிறது. அதற்கு இரும்பு மாதிரி காந்தம் பிடிக்கிற உலோகம் வேண்டும். சுத்த அலுமினியம் கிடையாது, செம்பு கிடையாது, நிக்கல் சேர்த்த நல்ல எவர்சில்வரும் கிடையாது. நிக்கல் சேராத 430 ரகம் ஆகும். சேலத்துப் பெண், ஸ்டீல் பிளான்ட்காரர் மகள், எவர்சில்வரைத் தூக்கிக்கொண்டு ஏழு கடல் தாண்டிப் போய்ப் பட்டினி கிடந்தேன் என்று இவர் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு ரெண்டு பேரும் சாப்பிட்டது பிரெட்டும் ஊறுகாயும்.

அதனால் போன ஆடிக்கு வந்தபோது பர்ஸில் அந்த ஃபிரிஜ் காந்தத்தைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார், கல்லாப்பெட்டி டிராயரைத் திறந்து அவர் ஒரு காந்தத்தை எடுத்துக் காட்டினார். "இப்பல்லாம் வாரத்துக்கு நாலு பேர் வர்றாங்க கண்ணு, கனடா, ஜெர்மனின்னு. நானே ஒட்டிக் காட்டித்தான் குடுக்கறது." ஓரத்தில் ஒட்டிக் காட்டினால் நம்பாதீர்கள். 304 தகட்டை இழுத்து வளைக்கும்போது விளிம்பில் லேசாகக் காந்தம் பிடிக்க ஆரம்பித்துவிடும் என்று அப்பா முன்கூட்டியே சொல்லியிருந்தார். அடியில், நட்டநடுவில் வைத்துப் பார்க்க வேண்டும், சுண்டினாலும் விழக்கூடாது.

வாங்கிய குக்கர் மூன்று லிட்டர், ஸ்டீல், சாண்ட்விச் பாட்டம் (ஸ்டீல் தகடுகளுக்கு நடுவில் அலுமினியம் வைத்த அடி). ரெண்டு பேருக்கு இது தாராளம். சூடு சரசரவென்று ஏறும், நம்ம கேஸ் அடுப்பு நினைப்பில் முழு வேகத்தில் விட்டால் அடி பிடிக்கும், பாதியில் வைத்தாலே போதும். விசில்தான் ஒரே பிரச்சினை. அங்கே உள்ள குக்கர்கள் விசில் அடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அமைதி காக்க வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேலும் அப்படியே. நான் முதல் ஞாயிறே மூன்று விசில் விட்டேன், கீழ்வீட்டுப் பாட்டி புகை அலாரம் என்று நினைத்து மாடி ஏறி வந்துவிட்டார். குக்கரைக் காட்டி, கையால் ஜாடை காட்டி, கடைசியில் ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தனுப்பினேன். அதற்கப்புறம் ஞாயிறு சமையல் சனிக்கிழமையே முடிந்துவிடும். காஸ்கெட் கூடுதலாக ரெண்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் மாடலுக்கு அங்கே கிடைக்காது.

தோசைக்கல் வார்ப்பிரும்பு, காந்தம் பச்சக்கென்று ஒட்டும், அதில் குறையில்லை. ஆனால் அடுப்பின் பெரிய வட்டமே 21 சென்டிமீட்டர், கல் 28. நடுவில் முறுகி ஓரத்தில் வெள்ளையாக நிற்கும். குறைந்த சூட்டில் ஏழெட்டு நிமிஷம் காயவிட்டு, நடுநடுவே தூக்கி (இழுக்கக் கூடாது, கண்ணாடி கீறும்) நகர்த்தி வைத்தால் சரியாக வரும். எடையும் ரெண்டரைக் கிலோ. சின்னதாக வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வாணலி வாங்கியது வேறு கடையில். காந்தம் ஒட்டியது, அதை நம்பி எடுத்துவிட்டேன். அங்கே போய் வைத்தால் பழைய மினுக்கல். திருப்பிப் பார்த்தால் அலுமினிய வாணலியின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இரும்பு வட்டு, அவ்வளவுதான், அடுப்புக்கு அது கண்ணிலேயே படவில்லை. வட்டின் அகலத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்று காசு கொடுத்துக் கற்றேன். இந்த முறை கையோடு எடுத்து வந்து கேட்டால், பில் இருக்கா, ஒரு வருஷம் ஆயிடுச்சே, இங்க நல்லாத்தானே எரியுது என்கிறார்கள். கேஸ் அடுப்பில் நல்லாத்தான் எரிகிறது. அம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

மிக்ஸியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள்: அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், கன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம். நம்ம மூன்று பின் பிளக் அங்கே நுழையாது, நல்ல கனமான அடாப்டர் ஒன்று போதும்.

இந்த முறை அதே காந்தக் கடைக்காரரிடம் ட்ரை-ப்ளை (மூன்று அடுக்குத் தகடு) வாணலி ஒன்று எடுத்தேன், நடுவில் ஒட்டிப் பார்த்து, அடியை ஸ்கேல் வைத்து அளந்து. பெயர் வெட்டணுமா கண்ணு என்று கேட்டார். லைப்சிக்கில் கட்டடத்துக்குத்தான் நம்பர், உள்ளே எங்கள் வீட்டுக்கென்று தனி நம்பர் கிடையாது, தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தால்தான் கடிதம் வரும். எனக்கு என் அப்பா பெயர், இவருக்கு இவர் அப்பா பெயர், அந்தச் சின்னச் சீட்டில் ரெண்டையும் நெருக்கி எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். யார் பேரு போடறது என்று மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றபோது, ரெண்டு பேர் பேரும் போடுங்கண்ணா என்றேன். எழுத்துக்கு ரெண்டு ரூபாய்.