பல்பின் கழுத்தில் தேதி எழுதி வைத்தேன்

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கு 2019 தீபாவளிக்கு முன் 14 எல்.இ.டி. பல்புகள் வாங்கினேன். எல்லாம் ஒரே நிறுவனத்தின் 9 வாட் பல்புகள். அட்டைப்பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தது. தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வர வேண்டும். அதையும்தான் பார்த்துவிடுவோம் என்ற வீம்பில், மாட்டும் முன் ஒவ்வொன்றின் கழுத்திலும் மார்க்கரால் தேதி எழுதினேன். அம்மா சிரித்தார்.

அவற்றில் ஒன்பது இன்னும் எரிகின்றன. போனவை ஐந்து. தேதி எழுதியிராவிட்டால் ‘இப்போது வரும் பல்பெல்லாம் இப்படித்தான்’ என்று சலித்துக்கொண்டு அடுத்ததை வாங்கியிருப்பேன். எழுதி வைத்ததால்தான், போனவை திரும்பத் திரும்ப அதே இடங்களில் போகின்றன என்பது தெரிந்தது.

முதல் இடம் வராந்தா. உருண்டைக் கண்ணாடிக் கூண்டுகள் இரண்டு, திருகி மூடுபவை, பார்க்க அழகு. இரண்டிலும் இருந்த பல்புகள் ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. ஏற்காட்டுக் குளிரில் பல்புக்கு என்ன சூடு வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மூடிய கூண்டுக்குள் காற்று ஓடாது; பல்பின் அடிப்பகுதியில், மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் ‘டிரைவர்’ என்ற சிறு சர்க்யூட் இருக்கிறது; அதிலுள்ள கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் சிறு உருளை) அந்தச் சூட்டில் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. வெளியே ஸ்வெட்டர் போடும் குளிர் அடித்தாலும் உள்ளே நிலைமை வேறு. கூண்டைக் கழற்றியபோது அடியில் ஒரு கைப்பிடி ஈசல் இறக்கை கிடந்தது. இப்போது அங்கே கீழ்ப்பக்கம் திறந்த ஷேடு. அதற்குப் பின் பல்பு மாற்றவே இல்லை.

செத்த பல்பு ஒன்றின் வெள்ளை மூடியைப் பிய்த்துப் பார்த்தேன். வட்டத் தகட்டில் மஞ்சள் பொட்டுகளாகச் சிறு விளக்குகள். அவற்றில் ஒன்றின் நடுவில் மட்டும் மிளகு வைத்தது போல ஒரு கரும்புள்ளி. எல்லாம் ஒரே சரத்தில் கோத்தவை என்பதால் அந்த ஒன்று அறுந்ததும் மொத்தமும் இருட்டு.

இரண்டாவது இடம் பின்கட்டு. பனிமூட்டம் நேராக உள்ளே வரும். அங்கே பல்பு மினுக்கும், தட்டினால் எரியும், மறுபடி மினுக்கும். இரண்டு பல்புகளை அநியாயமாக மாற்றிய பிறகுதான் ஹோல்டரைக் கவனித்தேன். பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு, ஒரு முனை ஸ்பிரிங் இறுகி உள்ளேயே நின்றுவிட்டது. தொடர்பு சரியாக இல்லாத இடத்தில் பொறி பறந்து பல்பையும் கெடுத்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன், இரண்டு மாதம் வந்தது. பிறகு ஹோல்டரையே மாற்றிவிட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அதுதான்.

குளியலறைக் கதை வேறு. அங்கே பல்பு சாகவில்லை; சாக மறுத்தது. சுவிட்சை அணைத்த பிறகும் இரவெல்லாம் மின்மினி போல மங்கலாக ஒளிர்ந்தது. அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது, இரவில் எழுந்தால் வழி தெரிகிறதாம். சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் நானும் கொஞ்ச நாள் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்தச் சுவிட்சில் இண்டிகேட்டரே கிடையாது. சேலத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. எந்தக் காலத்திலோ வயரிங் செய்தவர் மின்சாரம் வரும் பேஸ் (phase) வயருக்குப் பதில், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரைச் சுவிட்ச் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார். அதாவது சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி, ஈரக் கையோடு இத்தனை வருடம் நாங்கள் பல்பு மாற்றியது மின்சாரம் இருக்கும் ஹோல்டரில்! அணைத்த பிறகும் அந்த பேஸ் வயரிலிருந்து கசிந்த சிறிது மின்சாரமே எல்.இ.டி.யை மங்கலாக எரிய வைத்தது. பழைய குண்டு பல்புக்கு அந்தச் சிறு கசிவு போதாது, அதனால் அது காட்டிக் கொடுக்கவில்லை. வயரை மாற்றிப் போட அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று முதல் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நான் ஸ்டூலில் ஏறுவதில்லை.

ஐந்தாவது பல்பு ஒரு மே மாதக் கோடை இடியில் போனது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மலையில் வானம் கறுத்தால் இப்போது அம்மாவே மெயினை இறக்கிவிடுகிறார்.

சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (டியூப் போலவே நீளமான எல்.இ.டி. விளக்கு) போட்டதில் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. சோக்கையும் ஸ்டார்ட்டரையும் முழுதாகக் கழற்றி, வயரை நேராக இணைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

நிறுவனம் எது என்று கேட்பவர்களுக்கு: மாற்றிப் போட்டவற்றில் வேறு நிறுவனத்துப் பல்புகளும் இருக்கின்றன, எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வராந்தாவுக்கு மட்டும் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் ஒளி வாங்கினேன், பூச்சி குறைந்தது.

சமையலறைப் பல்பில் எழுதியிருந்த தேதி புகையில் மங்கிவிட்டது. போன மாதம் அதைத் துடைத்து, அதே 2019ஐ மறுபடி எழுதினேன்.