அமெரிக்காவில் இளங்கலை: முழு நிதி உதவியா, மெரிட் ஸ்காலர்ஷிப்பா?

பிளஸ் டூ முடித்து நேராக அமெரிக்காவில் இளங்கலை சேர நினைக்கும் மாணவர்கள், யார் எவ்வளவு ஸ்காலர்ஷிப் தருகிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது மீதித் தொகையை. அந்த உதவி போக வீட்டிலிருந்து நாலு வருஷம் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்தக் கணக்கைப் போட்டால் கல்லூரிகளின் வரிசையே மாறிவிடும்.

அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. பணம் வருவது அந்தந்தக் கல்லூரியின் சொந்த நிதியிலிருந்து. அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு விதி.

முதல் வகை, நீட்-பிளைண்ட் (need-blind) கல்லூரிகள். நீட் என்றால் இங்கே பணத் தேவை, மருத்துவ நுழைவுத் தேர்வு இல்லை. நம் வீட்டு வருமானத்தைப் பார்க்காமல் இடம் தருவார்கள், இடம் கிடைத்தால் தேவை முழுவதையும், அதாவது செலவில் குடும்பத்தால் கட்ட முடியாத பகுதி முழுவதையும், ஈடுகட்டுவார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கும் இப்படிச் செய்பவை மிகச் சில: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்றவை. 2022-இல் டார்ட்மத்தும் போடனும் சேர்ந்தன, அப்புறம் பிரவுன். பிரின்ஸ்டன் 2001 முதலே கடன் இல்லாமல் மானியமாகவே தருகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட மலிவான படிப்பு உலகத்தில் அதிகம் இல்லை. ஆனால் எம்ஐடியில் வெளிநாட்டு விண்ணப்பதாரர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். இந்த வகையை மட்டும் நம்பி விண்ணப்பிக்கக் கூடாது.

இரண்டாவது வகை நீட்-அவேர் (need-aware). இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் கவனிக்க வேண்டும், ஆனால் அதிகம் பேசப்படாததும் இதுதான். ஸ்வார்த்மோர், வில்லியம்ஸ், கிரின்னல், மெக்காலெஸ்டர் போன்ற சிறிய கல்லூரிகளும், பெரியவற்றில் ஸ்டான்ஃபோர்டும் இந்த வகை. நாம் எவ்வளவு உதவி கேட்கிறோம் என்பதையும் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் இடம் தந்துவிட்டால் தேவை முழுவதும் தருவார்கள். கிரின்னல் என்றால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சோளக்காட்டுக்கு நடுவே அயோவாவில் இருக்கிறது. ஆனால் அதன் அறக்கட்டளை நிதி பெரிது. பெயர் தெரியாத கல்லூரி என்று ஒதுக்குவது பெரிய இழப்பு.

இந்த வகையில் ஒரு ஆபத்து உண்டு. உதவி கேட்டால் வாய்ப்புக் குறையும் என்று பயந்து, முதலில் சேர்ந்துவிடலாம், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் நாலு வருஷமும் கேட்க முடியாது. வேறு பல கல்லூரிகளிலும் இதே மாதிரி விதி உண்டு. இரண்டாம் வருஷக் கட்டணம் வரும்போது வீடு விற்க வேண்டிய நிலை வரும். தேவை இருந்தால் தேவையை அப்படியே எழுதுங்கள்.

மூன்றாவது மெரிட் ஸ்காலர்ஷிப். பள்ளி மதிப்பெண், எஸ்ஏடி என்ற அமெரிக்கச் சேர்க்கைத் தேர்வு இவற்றை வைத்துத் தருவது. வருமானம் கேட்க மாட்டார்கள். அலபாமா போன்ற சில மாநிலப் பல்கலைக்கழகங்களில் இது பழக்கம். விடை சீக்கிரம் தெரியும், பரிசுக் கடிதம் பார்க்கவும் அழகாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். வருஷச் செலவு 55,000 டாலர், ஸ்காலர்ஷிப் 25,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 30,000. நாலு வருஷத்துக்கு 1,20,000 டாலர், ரூபாயில் ஒரு கோடிக்கு மேல். இன்னொரு பக்கம் 85,000 டாலர் செலவுள்ள கல்லூரி 78,000 தந்தால் நாம் கட்டுவது வருஷம் 7,000தான். விலை அதிகமுள்ள கல்லூரிதான் நமக்கு மலிவு! தவிர, கட்டணம் ஏறினாலும் மெரிட் தொகை பெரும்பாலும் ஏறாது. தேவை அடிப்படையிலான உதவி ஆண்டுதோறும் திரும்பக் கணக்கிடப்படும். ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) குறைந்தால் மெரிட் போய்விடும் என்ற நிபந்தனையும் இருக்கும். வசதியுள்ள வீட்டுக்கு இது நல்ல தள்ளுபடி. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது வழியாகாது என்பது என் கருத்து.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் என்றதும் நினைவுக்கு வருவது பெர்க்லி, யுசிஎல்ஏ. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேவை அடிப்படையில் உதவி தருவதில்லை. பணம் இல்லாமல் அங்கே விண்ணப்பக் கட்டணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எந்த வகையிலும் அடங்காத ஒன்று கென்டக்கியின் பெரியா கல்லூரி. 1855-இல் தொடங்கியது. கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. எல்லா மாணவர்களும் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். சேரும் வெளிநாட்டு மாணவர்களின் முதலாண்டுச் செலவு முழுவதையும் ஏற்கிறது. எடுக்கும் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனாலும் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஆவணங்கள் பற்றி ஒரு வார்த்தை. பல கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் கேட்கும். குடும்பத்தின் வரவு, சொத்து விவரங்களை எழுதும் இணையப் படிவம் அது. அதை ரூபாயிலேயே நிரப்பலாம்.  வருமான வரிக் கணக்கு, சம்பளச் சான்று கேட்பார்கள். விவசாயக் குடும்பங்களுக்கு இங்கே சிக்கல்: விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் காட்ட ஆவணமும் இருக்காது. எத்தனை ஏக்கர், என்ன பயிர், என்ன கைக்கு வந்தது என்று ஒரு விளக்கக் கடிதத்தையும் வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைப்பது நல்லது. விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேட்டு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கன்சல்டன்சியில் உட்கார்ந்தால் மூன்றாவது வகைப் பெயர்களே அதிகம் காதில் விழும். சில பல்கலைக்கழகங்கள் ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் தருகின்றன. ஹார்வர்டும் ஆம்ஹர்ஸ்டும் தருவதில்லை.

உதவி தருவதாக எந்தக் கடிதம் வந்தாலும் அதில் தங்கும் இடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, விமானச் செலவு அடக்கமா என்று பாருங்கள். கல்விக் கட்டணத்துக்கும் பாடநூலுக்கும் போகும் தொகைக்கு வரி இல்லை. ஆனால் தங்குமிடம், உணவுக்கான பகுதிக்கு எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரிடம் 14 சதவீதம் வரி பிடிப்பார்கள். எஃப்-1 விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வளாகத்துக்குள் வேலை செய்யலாம். மீதித் தொகையை அந்தச் சம்பளத்தில் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், 30,000 டாலரை ஒரு கல்வியாண்டின் வேலை மணிகளால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.